மாத்தளை மேடையும் ஒலிபெருக்கியும்



மாசி மாதம் பிறந்துவிட்டால் மாத்தளை நகருக்குத் தனியொரு களை வந்துவிடுகிறது. முத்துமாரியம்மன் ஆலயத்தின் 108 அடி இராசகோபுரத்தின் முன்னே ஐந்து தேர்களும் அணிவகுத்துப் புறப்படும் மாசிமகத் திருவிழாவைக் காண மலைநாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருகின்றனர். அதே மாதத்தில், நகரத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் வேறொரு விழாவும் நடைபெறுகின்றது. அமாவாசை கழிந்ததும் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றி, நாள்தோறும் இரவிலே பாடி ஆடி, பௌர்ணமியையொட்டி மன்மதன் எரிக்கப்படுவதோடு நிறைவுறும் காமன் கூத்தையே குறிப்பிடுகிறேன். தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலுக்கு வந்த நம் முன்னோர் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த செல்வம் இது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இக்கூத்தின் வரலாறன்று. கூத்துக்கும் நாடகத்துக்கும் இசைக்கும் நாம் பூட்டுகின்ற ஒலிபெருக்கியைப் பற்றியது. இதில் என்ன பேச இருக்கிறது, கடைக்காரரிடம் சொன்னால் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகிறார் என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறுதான் நினைத்திருந்தேன்.

மாத்தளையை அடுத்த தோட்டமொன்றின் கூத்துக்குழுவினர் சில ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்திருந்தனர். அங்கே கூத்துப் பழக்கும் வாத்தியார் வயது முதிர்ந்தவர். இளைஞர்கள் இப்பொழுதெல்லாம் பாட்டைப் படிக்க முன்வருவதில்லை என்பது அவருடைய மனக்குறை. "ஐயா, பிள்ளைகளுக்குப் பாட்டு விளங்கவில்லை. விளங்காத பாட்டை எவன் படிப்பான்? சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை" என்றார். அன்றிரவு நான் பொட்டலின் விளிம்பிலே, லயத்துப் பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கூறியது முற்றிலும் உண்மை. இரதி புலம்புகிறாள் என்பது தெரிந்தது. என்ன சொல்லிப் புலம்புகிறாள் என்பது தெரியவில்லை. என் அருகிலிருந்த மூதாட்டியொருவர் மட்டும் ஒவ்வொரு வரியையும் உதட்டுக்குள்ளேயே கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பாட்டு முன்னரே மனப்பாடம். அவருடைய பேத்தி உறங்கிவிட்டாள்.

குழுவினர் தோட்ட மக்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளும், இப்போதுள்ளதைப் போல இரு மடங்கு வலுவுள்ள பெருக்கிக் கருவியும் வாங்குவது என்பது அவர்கள் கருத்து. அதைச் செய்யலாமா என்று கேட்கவே என்னை அழைத்திருந்தனர். வேண்டாம் என்று நான் சொன்னேன். ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதை விளக்கினால் இப்பொருளின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலாவது, வலு என்பதைப் பற்றிய மயக்கம். 50 வாற்றுக் கருவியை நீக்கி 100 வாற்றுக் கருவியை வைத்தால் ஒலி இரு மடங்காகும் என்று எண்ணுகிறோம். நமது செவி அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒலியின் அளவைக் குறிக்க விஞ்ஞானிகள் டெசிபெல் என்ற அலகைக் கையாளுகின்றனர். வலுவை இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும். அதைக் கூர்ந்து கேட்பவர்தான் உணர்வர். செவிக்கு இரு மடங்காகத் தோன்றவேண்டுமாயின் ஏறக்குறைய 10 டெசிபெல் கூடவேண்டும். அதற்கு வலு பத்து மடங்காக வேண்டும். ஆகவே 50 வாற்றுக்குப் பதிலாக 500 வாற்று! விலையோ இரட்டிப்புக்கே நம் கையைக் கடிக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு; அதற்குக் காசு செலவில்லை. வெட்டவெளியில், ஒலி பிறக்குமிடத்திலிருந்து நாம் இருக்கும் தூரம் இரட்டிக்குந்தோறும் 6 டெசிபெல் குறைகிறது. ஒலிபெருக்கியிலிருந்து 20 அடியில் இருப்பவருக்கும் 160 அடியில் இருப்பவருக்கும் இடையே 18 டெசிபெல் வேற்றுமை. முன்னால் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்ள, பின்னால் இருப்பவர் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டியிருப்பது இதனாலேயே. ஒலிபெருக்கியைக் கேட்போருக்கு அண்மையில் கொண்டுபோனால், வாங்க நினைத்த பெரிய கருவி தரக்கூடிய பயனைக் காட்டிலும் மிகுந்த பயன் கிட்டும்.

இரண்டாவது, குழாயின் குணம். தகரக் குழாய் ஒலிபெருக்கி குறைந்த மின்வலுவில் நெடுந்தூரம் ஒலியைச் செலுத்துவதில் வல்லது. அந்தத் திறமைக்காகவே அது திருவிழாக்களில் இடம் பிடித்தது. ஆனால் வினாடிக்கு ஏறத்தாழ 300 அதிர்வுகளுக்குக் கீழான கனத்த நாதத்தை அது பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. மேலே உள்ள மெல்லொலிகளிலும் ஒரே சீராக இல்லை. இடைப்பட்ட பகுதியை மட்டும் மூக்கால் பேசுவதுபோல ஓங்கி ஒலிக்கும். தமிழில் ஒரு சொல்லை இன்னதென்று அறியத் துணைநிற்பவை உயிரொலிகளைக் காட்டிலும் மெய்யொலிகளே. கடை, தடை, படை, நடை, சடை ஆகிய சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பது முதலில் நிற்கும் ஒரு மெய். அதன் ஆயுள் கண்ணிமைப்பொழுதிலும் குறைவு. அதன் அடையாளம் பெரும்பாலும் வினாடிக்கு 1,000 முதல் 4,000 அதிர்வுகளுக்கு உட்பட்ட நுண்ணிய ஒலிகளில் அடங்கியிருக்கின்றது. அப்பகுதியைத் திரித்துவிடும் கருவியை எவ்வளவு உரக்க வைத்தாலும் திரிபுதான் உரக்கக் கேட்கும்.

மூன்றாவது கேட்டை நாமே தேடிக்கொள்கிறோம். திருவிழாக் காலத்தில் வீதி நெடுகிலும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுவது வழக்கம். காற்றிலே ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,130 அடி செல்லும். கம்பங்கள் 150 அடிக்கு ஒன்றாக நிற்குமானால், அருகிலுள்ள குழாயின் ஒலி காதில் விழுந்து வினாடியில் எட்டிலொரு பங்குக்கு மேல் கழித்துத்தான் அடுத்த கம்பத்தின் ஒலி வரும். அதற்குப் பின் அதற்கடுத்தது. ஒரு சொல் மூன்று சொல்லாகி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றது. தொலைந்துபோன குழந்தையின் பெயரை ஒலிபரப்பினால்கூட யார் குழந்தை என்று தெரியாமற் போவதை நம்மில் பலர் அனுபவித்திருப்போம்.

இந்தத் தாமதத்தின் இயல்பை ஆராய்ந்தவர் செருமனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்ற எல்முட் ஆசு என்பவர். 1949 ஆம் ஆண்டில் அவர் கண்ட உண்மை விந்தையானது. ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து சிறிது முன்பின்னாக வந்தால், முந்தி வந்த திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாக நம் மனம் கொள்கின்றது. பிந்தி வந்தது ஓரளவு உரத்திருந்தாலும் அதற்குத் தனி இடம் கொடுப்பதில்லை. வலிமை சேர்ப்பதற்கு மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் அந்த இடைவெளி வினாடியில் முப்பதிலொரு பங்கு என்ற அளவைத் தாண்டலாகாது. தாண்டினால் எதிரொலியாகப் பிரிந்து நின்று பேச்சைக் குலைக்கும். இலண்டனிலுள்ள தூய பவுல் தேவாலயத்தில் எதிரொலி மிகுதியால் பேச்சுக் கேளாமலிருந்த குறையைப் பாக்கின், தெயிலர் என்னும் இருவர் 1950-களின் தொடக்கத்திலே இந்த உண்மையைக் கொண்டே தீர்த்தனர். காந்தப் பூச்சுள்ள சுழலும் கருவியொன்றில் பேச்சைப் பதித்து, தூரத்திலுள்ள ஒலிபெருக்கிகளுக்கு உரிய நேரம் தாழ்த்தி அனுப்பினார்கள். பிரசங்க மேடையிலிருந்து புறப்பட்ட ஒலி காற்றிலே வந்து சேரும் பொழுதில் ஒலிபெருக்கியும் பேசியது. அன்று அக்கருவி செய்த இவ்வேலையை இன்று உள்ளங்கை அளவான எண்ணியற் கருவி செய்துவிடுகிறது, வாடகைக்கும் கிடைக்கிறது. 100 அடி தூரத்துக்கு வினாடியில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு தாமதம் என்று கணக்கிட்டு வைத்தால் போதும்.

அதே தேவாலயத்தில் அவர்கள் கையாண்ட மற்றொன்று தூண் ஒலிபெருக்கி. நெடிய பெட்டியொன்றில் பல சிறிய ஒலிபெருக்கிகளை ஒரே நேர்கோட்டில் மேலும் கீழுமாக அடுக்குவது. இப்படி அடுக்கினால் ஒலி பக்கவாட்டில் அகன்றும் மேலும் கீழும் ஒடுங்கியும் விசிறிபோலப் பரவும். கூரைக்கும் வானத்துக்கும் போய் வீணாவதில்லை; இருப்போர் காதுமட்டத்திலே தவழ்ந்து செல்லும். பெரிய இசை நிகழ்ச்சிகளில் இன்று மேடையின் இரு பக்கத்திலும் வாழைக்குலை தொங்குவதுபோல வளைந்து தொங்கும் ஒலிபெருக்கி வரிசைகளைக் கண்டிருப்பீர்கள். 1990-களில் பரவத் தொடங்கிய அவ்வமைப்பு இந்தத் தூணின் வளர்ந்த வடிவமே.

கூத்துக்குழுவினருக்கு நான் எழுதிக்கொடுத்த யோசனையின் உயிர்நாடியும் இந்தத் தூண்தான். குழாய்கள் நான்கையும் விட்டுவிட்டு, ஐந்தடி உயரத்தில் நான்கு தூண் ஒலிபெருக்கிகள். ஊரிலுள்ள தச்சரே பெட்டியைச் செய்யலாம். உள்ளே வைக்கும் நான்கங்குல ஒலிபெருக்கிகளுக்கு மட்டும் கொழும்புக்குப் போனால் போதும். பழைய பெருக்கிக் கருவியே தொடர்ந்து இருக்கட்டும் என்றேன். அதில் 100 வோல்ட் வழி என்று குறிக்கப்பட்ட முனை ஒன்று பயன்படாமலே கிடந்தது. நீண்ட கம்பியில் ஒலிமின்சாரத்தை உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பி, ஒலிபெருக்கிக்கு அருகில் சிறு மின்மாற்றியால் தாழ்த்திக்கொள்வது அம்முறை. ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் முறையும் இதுவே அன்றோ! 100 வாற்றை எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு நேரே அனுப்பினால் கம்பியில் வீணாவது, இம்முறையில் வீணாவதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். மெல்லிய கம்பியை நூறு யார் இழுத்துவிட்டு, கருவிக்கு வலுப் போதவில்லை என்று பழிப்பவர்கள் இதை நினைக்கவேண்டும்.

ஒலிவாங்கியைப் பற்றித்தான் எங்களுக்குள் நெடிய விவாதம் நடந்தது. பொட்டலின் நடுவிலே ஒரு தண்டை நட்டு அதன் தலையில் ஒலிவாங்கியைப் பொருத்தியிருந்தனர். வட்டக்களரியைச் சுற்றிச் சுழன்று ஆடவேண்டிய மன்மதனும் இரதியும் பாட்டு வந்தவுடன் அத்தண்டை நோக்கி ஓடிவந்து, வாயை அதனருகே வைத்து நின்றுவிடுகின்றனர். ஆட்டம் அந்தக் கணத்தில் இறந்துவிடுகிறது. மலையகத்துக்கு மட்டும் உரிய குறையன்று இது. ஒலிவாங்கி புகுந்த எல்லா மேடைகளிலும் நடிகனின் காலைக் கட்டிப்போட்டது அதுவே. கருநாடக இசையிலும் அதன் வரவு பெரிய மாறுதலைச் செய்தது. கிட்டப்பா போன்றோர் கொட்டகையின் கடைசிப் பெஞ்சுவரை வெறும் குரலாலேயே எட்டிய காலத்தில் உச்சத் தொனியில் பாடுவது கட்டாயமாக இருந்தது. ஒலிவாங்கி வந்தபின் தாழ்ந்த சுருதியிலும் நுணுக்கமாகப் பாட வழி பிறந்தது. அது லாபந்தான். ஆனால் கூத்துக்கு அது காலைக் கட்டும் கயிறாகிவிட்டது.

கூடுதலாக நான்கைந்து ஒலிவாங்கிகளை வைத்துவிட்டால் என்ன என்று இளைஞரொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒலிவாங்கி கேட்பதை ஒலிபெருக்கி சொல்ல, அதை மீண்டும் ஒலிவாங்கி கேட்க, இப்படி வட்டமாகச் சுற்றத் தொடங்கினால் கருவி 'கூ' என்று ஊளையிடும். திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும் ஊளைக்கு முன்னால் நமக்குக் கிடைக்கும் ஒலி 3 டெசிபெல் குறைகிறது. நான்கு வைத்தால் 6 டெசிபெல் போயிற்று. கடைசி வரிசையில் உள்ளவர் பாதி தூரம் முன்னே வந்து அமரவேண்டிய கணக்கு. ஆகையால் இரண்டே இரண்டு போதும் என்று முடிவு செய்தோம். ஒன்று வாத்தியாரும் பின்பாட்டுக்காரரும் நிற்கும் ஓரத்தில். மற்றது ஆடுபவர் பேச்சுக்காக, களரியின் விளிம்பில் நிலத்தோடு நிலமாகப் பலகைமேல் கிடத்தியது. தப்புக்கு ஒலிவாங்கி வேண்டுமா என்று அவர்களே சிரித்துக்கொண்டு கேட்டார்கள். அடுத்த மலைக்குக் கேட்கும் கருவிக்கு அது எதற்கு? அதுவரை தப்பின் அருகிலும் ஒன்று இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். சொல் அமிழ்ந்துபோனதில் அதற்கும் பங்கு உண்டு.

அடுத்த மலை என்றதும் மற்றொரு சங்கதி நினைவுக்கு வருகிறது. பகலில் வெயிலால் நிலம் சூடாகும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. இரவில் நிலம் குளிர்ந்து மேற்காற்று வெம்மையாக இருக்கும்பொழுது ஒலி கீழ்நோக்கி வளைந்து பள்ளத்தாக்கிலே தங்கிவிடும். மாத்தளை மலைகளுக்கிடையே நள்ளிரவில் ஒரு தோட்டத்துப் பாட்டு இன்னொரு தோட்டத்து நோயாளியின் படுக்கைவரை போவது இதனாலேயே. 2007 ஆம் ஆண்டில் நம் நாட்டு உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்றும், சிறப்பான நிகழ்ச்சிகளுக்கு அயலவர் கருத்தை அறிந்தே விலக்களிக்கலாம் என்றும் கட்டளையிட்டது. விடியவிடிய நடக்கும் கூத்துக்கு இது இடர்தான் என்று முறையிடுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பத்தின் உச்சியில் கட்டிய குழாய் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பாடுகிறது. காதுமட்டத்தில் நிற்கும் தூண் பொட்டலில் இருப்பவருக்குப் பாடுகிறது. அனுமதி கேட்கப் போகும்போது இந்த வேற்றுமையைச் சொல்லிக் கேட்கலாம். மின்சாரமே இல்லாமல் தீவட்டி வெளிச்சத்தில் விடியும்வரை ஆடிய கூத்து இது என்பதையும் மறக்கவேண்டாம்.

அக்காலத்தில் எப்படிக் கேட்டது? இடந்தான் துணைசெய்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல், மேலே உத்தரத்துக்கும் தளத்துக்கும் இடையே நான்கு கோல் என்று அளவு கூறப்பட்டுள்ளது. ஒரு கோல் இருபத்து நான்கு விரல். சிறிய அரங்கு, தாழ்ந்த மேற்பலகை, குரல் சிதறாமல் அவையை நோக்கித் திரும்பும். கிரேக்கர் மலைச்சரிவைக் குடைந்து படியமைத்தனர். நமக்கு அண்மையிலே பேராதனைப் பல்கலைக்கழகத்துத் திறந்தவெளி அரங்கும் அப்படிப்பட்ட சரிவிலே அமைந்ததுதான். பேராசிரியர் சரச்சந்திரர் தமது 'சிங்கபாகு' நாடகத்தை 1961 இல் அங்கே அரங்கேற்றினார். அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் நமது கூத்துக்களை 1960-களில் புதிய மேடைக்கு ஏற்பச் செப்பனிட்டார். சரிவில் அமர்ந்தவருக்கு முன்னிருப்பவரின் தலை ஒலியை மறைப்பதில்லை. மாத்தளைத் தோட்டங்களில் சரிவுக்கா பஞ்சம்? நாம் கூத்தைச் சமதரையிலே வைத்து, ஆட்களையும் சமதரையிலே இருத்திவிட்டு, சரிவைத் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டுமே விட்டுவைத்திருக்கிறோம்.

மூடிய மண்டபத்துக்கு வேறு கணக்கு. அமெரிக்காவில் ஆவாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபம் பேச்சே விளங்காமல் இருந்தது. ஒருமுறை எழுந்த ஒலி அடங்க ஐந்தரை வினாடி பிடித்தது. 1895 இல் அதைச் சீர்செய்யப் பணிக்கப்பட்ட இளம் பேராசிரியர் வாலசு சேபின், இரவு நேரங்களில் அயலிலுள்ள நாடக அரங்கின் மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பிப் பரப்பி அளந்து பார்த்தார். மண்டபத்தின் கனவளவு கூடினால் ஒலி நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் குறுகும் என்ற விதி அவ்வாறு பிறந்தது. நமது ஊர்களில் கட்டப்படும் 60 அடி நீளமும் 40 அடி அகலமும் 20 அடி உயரமும் கொண்ட சீமெந்து மண்டபமொன்றை எடுத்து, கதவு சாளரங்களை அடைத்து, அவ்விதிப்படி கணக்கிட்டால், வெறுமையாக இருக்கையில் ஒலி அடங்க ஏறத்தாழ 9 வினாடி வருகிறது. 200 பேர் வந்து அமர்ந்தால் 2 வினாடிக்குச் சற்றுக் குறைவு. பேச்சுக்கு ஒரு வினாடியளவே உகந்தது. மனிதரே நல்ல மெத்தை! ஒலிபெருக்கிக்காரர் காலையில் ஆளில்லா மண்டபத்தில் செய்யும் சோதனை மாலையில் பொருந்தாமற் போவது இதனால்தான். இத்தகைய மண்டபத்துக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்குமுன் பின்சுவரில் கனத்த திரையோ தும்புப் பலகையோ அடியுங்கள். பின்சுவரில் மோதித் திரும்பும் ஒலியே நடிகரையும் கேட்போரையும் முதலில் கெடுக்கிறது.

தோட்டத்துக்குத் திரும்புவோம். தூண்கள் தயாராகி, மாசி அமாவாசைக்கு முன் ஒருநாள் மாலை அவற்றைப் பொட்டலில் நிறுத்தினோம். கருவிகளின் மண்கம்பி இணைப்பை மின்வேலை தெரிந்தவர் பார்த்துச் சரியென்றார். பாட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றனர் பிள்ளைகள். தெரிந்த பாட்டைப் போட்டால் தெரிந்ததுதான் கேட்கும் என்று சொல்லி நான் மறுத்துவிட்டேன். ஒரு தாளில் கடை, படை, தடை, நடை, விடை, சடை, மடை என்று ஐம்பது சொற்களை முறை மாற்றி எழுதி வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் ஒலிவாங்கி முன் நின்று, ஒவ்வொன்றாக, நிதானமாகப் படித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் பொட்டலின் பத்து மூலைகளில் கொப்பியோடு அமர்ந்து, காதில் விழுந்ததை எழுதினர். முன்வரிசையில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. மூதாட்டி வழக்கமாக அமரும் தென்கிழக்கு மூலையில், அவருடைய பேத்தி ஐம்பதுக்கு முப்பத்தொன்று எழுதியிருந்தாள். 'தடை'யெல்லாம் அவளுக்கு 'கடை'யாகியிருந்தன.

போய்ப் பார்த்தோம். அந்தப் பக்கத்துத் தூண் அவள் தலைக்கு மேலே தேயிலைச் செடிகளை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு கல்லை வைத்துத் தூணைச் சிறிது முன்னால் சாய்த்தோம். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தாளை மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.